மூடாத முப்பத்தெட்டு ஜன்னல்கள்

எனக்கு முன்கோபம் அதிகம். கம்பத்தில் ஜீப் ஓட்டுகிற எல்லாருக்கும் இது தெரியும். அதனால்தான் எங்கள் சங்கத்து அறையில் ஒரு கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "சுயம்பு, இனிமே நோட்டு வேணாம்ப்பா, இதுலயே எழுது" என்று தலைவர் சொன்னபோது, வாசலுக்கு வெளியே நின்றுகொண்டு சொன்னார்.

என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். தினமும் காலையில் எங்கள் ஸ்டாண்டிலிருந்து பெண்கள் ஜீப் ஏறி, கம்பம்மெட்டு வழியாகக் கேரளத்து ஏலத்தோட்டங்களுக்கு வேலைக்குப் போவார்கள். சாயங்காலம் நாலு, ஐந்து மணிக்குத் திரும்புவார்கள். எந்த ஜீப்பில் யார் யார் ஏறினார்கள் என்று எழுதி வைக்கிறவன் நான். பதினெட்டு வருடமாக எழுதுகிறேன். என் மனைவி விஜியும் அப்படிப் போகிறவள்தான். அவள் பேரையும் தினமும் நான்தான் எழுதுகிறேன். அதற்காக அவள் ஒரு நாளும் என்னை மெச்சியதில்லை.

நோட்டில் ஒரு கோளாறு இருந்தது, ஒத்துக்கொள்கிறேன். காலையில் போன ஜீப்பிலேயே திரும்பி வருவார்கள் என்று நினைப்பது இந்த ஊர் தெரியாதவர்கள் நினைப்பு. மேட்டில், அதாவது மேலே கம்பம்மெட்டில், மதினியைப் பார்த்தால் மதினியோடு ஏறிக்கொள்வார்கள். பேச்சு பாதியில் நின்றால் மீதியைப் பேச அந்தப் பேச்சுக்காரி ஜீப்பில் ஏறிக்கொள்வார்கள். போன வருடம் ஒரு ஜீப் அச்சு முறிந்து மலையில் நின்றது. அதில் இருப்பது யார் யார் என்று என் நோட்டால் சொல்ல முடியவில்லை. அறுபது வீட்டுக்காரர்கள் வந்து என் சட்டையைப் பிடித்தார்கள். அதற்குப் பிறகுதான் தலைவர் பழனிசெட்டிபட்டியிலிருந்து மகிமாவைக் கூட்டிவந்தார்.

மகிமாவுக்கு இருபத்தேழு வயது இருக்கும். தேனியில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. ஒடிசலான உருவம், மெதுவான குரல். இந்தக் குரலை வைத்துக்கொண்டு எங்கள் டிரைவர்களிடம் எப்படிப் பிழைக்கப் போகிறாள் என்று நினைத்தேன்.

அவள் செய்ய வந்தது இது. இங்கே ஸ்டாண்டில் ஒரு கம்ப்யூட்டர், மேலே மேட்டில் ஒரு கம்ப்யூட்டர். காலையில் இங்கே நான் எழுத வேண்டும். சாயங்காலம் மேட்டில் எங்கள் சங்கத்துப் பையன் ரூபன் நின்றுகொண்டு, திரும்புகிற ஜீப்பில் யார் ஏறுகிறார்கள் என்று எழுத வேண்டும். இரண்டும் ஒரே இடத்தில் போய்ச் சேர வேண்டும். அந்த இடத்துக்குப் பெயர் டேட்டாபேஸ். அதுவும் எங்கள் அறைப் பெட்டிக்குள்ளேயே இருந்தது.

"அண்ணே, நீங்க பாக்குற இந்த ஜன்னல்ல பேரு தெரியும், ஆனா பேரு இருக்கிற இடம் இது இல்ல. அது உள்ள பூட்டிக் கிடக்கு. ரெண்டுக்கும் நடுவுல வழி போடுறதுதான் என் வேலை."

"ரெண்டும் ஒரே பெட்டிக்குள்ளதான இருக்கு? பக்கத்து வீட்டுக்குப் போறதுக்கு பஸ் விடுறியாக்கும்?"

"பக்கத்து வீடுன்னாலும் கதவைத் தட்டித்தானண்ணே உள்ள போகணும்" என்று சிரித்தாள்.

அவள் எழுதியதை நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன். குற்றம் கண்டுபிடிக்கத்தான் பார்த்தேன். எந்த மெஷின், எந்த டேட்டாபேஸ், உள்ளே வருகிற ஆள் யார், அந்த ஆளின் ரகசியச் சொல் என்ன என்று ஒரே வரியில் எழுதினாள். பிறகு கதவைத் திற என்று ஒரு வரி. ஓட்டிப் பார்த்தாள். சிவப்பு எழுத்தில் ஏதோ வந்து நின்றது. மறுபடியும் மாற்றினாள், மறுபடியும் சிவப்பு. பதினோரு தடவை அப்படி வந்தது. நானாக இருந்தால் மூன்றாவது தடவையே மேசையைக் கவிழ்த்திருப்பேன். அவள் ஒவ்வொரு தடவையும் அந்தச் சிவப்பு எழுத்தை முதலிலிருந்து கடைசிவரை படித்தாள். கட்டிய பெண்டாட்டி சொல்வதையே நான் பாதிக்கு மேல் கேட்டதில்லை. இவள் ஒரு மெஷின் திட்டுவதை இத்தனை பொறுமையாகக் கேட்கிறாளே என்று அன்றைக்கே எனக்குள் ஒரு மரியாதை வந்துவிட்டது. வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

பன்னிரண்டாவது தடவை சிவப்பு வரவில்லை. "ஒரு பேரு அடிங்கண்ணே" என்றாள். தேடித் தேடி 'விஜி' என்று அடித்தேன். மேட்டிலிருந்து ரூபன் போனில் கத்தினான்: "அண்ணே, மதினி பேரு இங்கன வந்துருச்சு!" பன்னிரண்டு கிலோமீட்டர் மலைக்கு மேலே என் பெண்டாட்டி பேர் போய் நிற்கிறது. எனக்குப் புல்லரித்தது. "ம், பரவாயில்ல" என்று மட்டும் சொன்னேன்.

"இது போன் பேசுற மாதிரிதாண்ணே. போடணும், கேக்கணும், வைக்கணும். இது பழைய மெஷின். ஒரே நேரத்துல நாப்பது லைனுக்கு மேல தாங்காதுன்னு நாப்பதோட நிறுத்தி வச்சிருக்கேன். சாயங்காலம் ஜீப்பு வந்ததும் அதோட நம்பரைத் தட்டுங்க. ஒரு ஜன்னல் திறக்கும். ரூபன் அண்ணன் எழுதுன பேரெல்லாம் அதுல வரும். ஆளுக இறங்கினதும் இந்த 'வந்தாச்சு'வை அமுக்குங்க. பேருக மேல கோடு விழுந்து, ஜன்னல் தானா மூடி, லைனும் வச்சிரும்."

சொல்லிக்கொண்டே அமுக்கிக் காட்டினாள். 'விஜி' என்ற பேரின் மேல் இந்தக் கடைசியிலிருந்து அந்தக் கடைசிவரை சிவப்பாக ஒரு கோடு விழுந்தது.

நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டேன்.

எங்கள் பக்கத்தில் உயிரோடு இருக்கிறவர் பேரின் மேல் யாரும் கோடு இழுக்க மாட்டோம். கல்யாணத்துக்குப் பத்திரிகை கொடுத்து முடித்த பேரை டிக் அடிப்போம். கோயில் வரிப் பட்டியலில் பக்கத்தில் சுழி போடுவோம். பேர் மேல் கோடு விழுவது ரேஷன் கார்டில், அதுவும் ஆள் போன பிறகு. என் அப்பா பேர் மேல் அப்படி ஒரு கோடு விழுந்ததை நான் நின்று பார்த்திருக்கிறேன். பதினெட்டு வருடம் நோட்டு எழுதியவன், ஆள் வந்து இறங்கினால் பேருக்கு முன்னால் ஒரு புள்ளி வைப்பேன். அவ்வளவுதான்.

இதை மகிமாவிடம் அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். கம்ப்யூட்டர் படித்த பெண்ணிடம் போய் இதைச் சொன்னால் சிரிப்பாளே என்று கூச்சமாக இருந்தது. தலையை ஆட்டிவிட்டேன்.

ஐப்பசியில் ஒரு திங்கட்கிழமை தொடங்கினோம். காலையில் எல்லாம் நன்றாகத்தான் போனது. மத்தியானத்துக்கு மேல் மழை பிடித்துக்கொண்டது. ஜீப்புகள் திரும்புவதைப் பார்த்துவிட்டுப் போகிறேன் என்று மகிமா இருந்தாள். "நீ பக்கத்துல உக்காந்தா எனக்குக் கை ஓடாது தாயி" என்று சொல்லி, எதிரே இருந்த பேக்கரிக்கு அவளை அனுப்பிவைத்தேன். கை ஓடாது என்பது பொய். கோடு இழுக்காமல் இருப்பதை அவள் பார்த்துவிடக் கூடாது, அதுதான் நிஜம்.

ஜீப்புகள் ஒவ்வொன்றாக வந்தன. நம்பரைத் தட்டினேன், ஜன்னல் திறந்தது. ஜன்னலில் இருக்கிற பேர்களைப் பார்க்கவே பயமாக இருந்தது. 'வந்தாச்சு'வை அமுக்காமல், ஜன்னலைக் கீழே தள்ளிவிட்டு, மேசைக்கு அடியில் ஒளித்து வைத்திருந்த நோட்டில் அந்த ஜீப் நம்பருக்குப் புள்ளி வைத்தேன். விஜி வழக்கமாக வருகிற ஜீப்பும் நாலு மணிக்கே வந்துவிட்டது. மழையில் எல்லாரும் முக்காடு போட்டுக்கொண்டு ஓடினார்கள். அவளும் வீட்டுக்குப் போயிருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன்.

நாலே முக்காலுக்கு டிரைவர் ஜோயலிடமிருந்து போன் வந்தது.

"அண்ணே, பதினோராம் வளைவுல மரம் விழுந்து ஆதித்தன் ஜீப்பு ஒருச்சாஞ்சு கிடக்கு. பின்னால வந்த நாங்கதான் தூக்குனோம். உசுருக்கு ஒண்ணும் இல்ல. ஆதித்தனுக்கு மண்டையில அடி, பேச்சு குழறுது. பொம்பளையாளுக பதினோரு பேரையும் என் வண்டியில ஏத்திட்டேன். கங்காணி கிருபாவதி அக்காவே எண்ணிச் சொல்லிட்டாக. இறங்கி வாறேன்."

கங்காணி என்றால் ஆட்களைச் சேர்த்துக் கூட்டிப்போகிறவள். அவள் எண்ணினால் சரியாகத்தான் இருக்கும். ஆனால் சேதி அதற்குள் ஊருக்குள் போய்விட்டது. பத்து நிமிடத்தில் அறைக்குள் நிற்க இடமில்லை. யார் அந்தப் பதினோரு பேர் என்று ஆளாளுக்குக் கேட்டார்கள்.

"இருங்க, இதுல பாத்துச் சொல்றேன்" என்று ஆதித்தன் ஜீப் நம்பரைத் தட்டினேன். ஜன்னல் திறக்கவில்லை. சிவப்பு எழுத்து வந்து நின்றது. மறுபடியும் தட்டினேன். மறுபடியும் சிவப்பு. ரூபனுக்குப் போன் போட்டால் எடுக்கவில்லை. விழுந்த மரம் கம்பியையும் அறுத்துவிட்டதால் மேட்டில் கரண்டும் இல்லை.

மகிமா கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தாள். அவளைப் பார்த்ததும் எல்லாருக்கும் திட்ட ஒரு ஆள் கிடைத்துவிட்டது. தலைவரே ஆரம்பித்து வைத்தார். "நோட்டு இருந்திருந்தா இந்நேரம் பேரைப் படிச்சிருப்போம். நம்பி மோசம் போனோம்மா உன்னைய." பின்னால் ஒருவன் இன்னும் மோசமாகப் பேசினான். காரணம் அவள் இல்லை என்று எனக்கு மனதுக்குள் உறுத்தியது. வாயைத் திறக்கவில்லை. ஊரையே வாய்க்கு வந்தபடி பேசுகிற எனக்கு அந்த நேரத்தில் வாய் வரவில்லை என்பதை இன்றைக்கு நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

மகிமா மெஷின் முன்னால் குனிந்தாள். வழக்கம்போல் அந்தச் சிவப்பு எழுத்தை முதலிலிருந்து கடைசிவரை படித்தாள். பிறகு திரையின் அடியில் வரிசையாகக் கிடந்த ஜன்னல்களைப் பார்த்து எண்ணினாள்.

"அண்ணே, முப்பத்தெட்டு ஜீப்பு வந்திருக்கு. ஒண்ணைக்கூட நீங்க அமுக்கலையா?"

"இல்ல."

"ஏண்ணே?"

அவள் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னேன். "உசுரோட இருக்கவுக பேரு மேல கோடு இழுக்கச் சொல்றியே, தாயி."

ஒரு நொடி என்னையே பார்த்தாள். சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. "எனக்குத் தெரியாமப் போச்சுண்ணே" என்றாள்.

முப்பத்தெட்டுப் போனையும் வைக்காமல் நான் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறேன். மேட்டு மெஷின் காலையிலிருந்து பிடித்திருந்த லைன் ஒன்று, என் மெஷின் தனக்கென்று வைத்திருந்தது ஒன்று. ஆக நாற்பதும் தீர்ந்துபோய்விட்டது.

மெயின் சுவிட்சை அணைத்துப் போடலாம் என்று கையை நீட்டினேன். அவள் தடுத்தாள். "வேணாம்ணே. இந்தப் பழைய மெஷின் எந்திரிச்சு வர கால் மணி நேரம் ஆகும். நாப்பதும் நிறைஞ்சாலும் பொறுப்பாளுக்குன்னு ஒரு லைனை டேட்டாபேஸ் தனியா விட்டு வச்சிருக்கும். அதுல போயிக் கேக்குறேன்."

கறுப்பாக ஒரு ஜன்னலைத் திறந்தாள். சுற்றி நாற்பது பேர் கத்திக்கொண்டிருக்கிறார்கள், கழுத்துக்குப் பின்னால் மூச்சு விடுகிறார்கள். அவள் விரல் ஒரு எழுத்துக்கூடத் தப்பவில்லை. ஆதித்தன் ஜீப்பில் இன்று சாயங்காலம் மேட்டில் ஏறியவர்கள் யார் என்று ஒரே வரியில் கேட்டாள். பேர்கள் வந்து விழுந்தன.

நான் உரக்கப் படித்தேன். ஒவ்வொரு பேருக்கும் கூட்டத்தில் ஒரு இடத்தில் மூச்சு வந்தது. பதினோரு பேர் முடிந்தது. கீழே இன்னும் ஒரு வரி இருந்தது.

'விஜி. சுயம்புலிங்கம் மனைவி.'

அதை என்னால் படிக்க முடியவில்லை. மகிமாதான் படித்தாள். படித்துவிட்டு, "பன்னெண்டு பேரு" என்றாள்.

விஜிக்குப் போன் போட்டேன். தொடர்பு எல்லைக்கு வெளியே என்று ஒரு பெண் குரல் சொன்னது. மறுபடியும் போட்டேன், அதே குரல். மகிமா என் கையிலிருந்த போனை வாங்கி ஜோயலைக் கூப்பிட்டாள். அவன் ஐந்தாவது வளைவுக்கு வந்துவிட்டிருந்தான்.

"அண்ணே, பதினொண்ணு இல்ல, பன்னெண்டு. ஒரு ஆளு அங்கனயே இருக்காக."

"இல்லம்மா, கங்காணி எண்ணிட்டாக. நானும் பாத்துட்டேன், அங்கன யாரும் இல்ல."

"அவுக கங்காணி கூட்டத்து ஆளு இல்லண்ணே. பேரு கடைசி வரியில இருக்கு, கடைசியில வந்து ஏறியிருக்காக. பள்ளத்துப் பக்கம் தேடுங்க. பேரு விஜி. பேரைச் சொல்லிக் கூப்பிடுங்க."

அந்த மெதுவான குரல்தான். ஆனால் ஜோயல் மறுபேச்சுப் பேசவில்லை. பதினோரு பேரையும் பின்னால் வந்த வண்டிக்கு மாற்றிவிட்டு, அங்கே நின்ற வண்டிகளிலிருந்து எட்டு ஆம்பளைகளைக் கூட்டிக்கொண்டு மலைக்குத் திரும்பினான்.

இருபத்தைந்து நிமிடம். என் வாழ்க்கையில் அவ்வளவு நேரம் நான் பேசாமல் இருந்தது கிடையாது. காலையில் விஜியிடம் குழம்பில் உப்பு இல்லை என்று சண்டை போட்டது மட்டும் திரும்பத் திரும்ப ஞாபகம் வந்தது. நாலு மணிக்கு அவள் ஜீப் ஜன்னல் திறந்தபோது பேர்களைப் பார்த்திருந்தால் அதில் விஜி இல்லை என்று அப்போதே தெரிந்திருக்கும். மகிமா என் பக்கத்தில் நின்றுகொண்டே இருந்தாள். போனை மட்டும் கீழே வைக்காமல் பிடித்திருந்தாள்.

போன் அடித்தது. ஜோயல் கத்தியது ஸ்பீக்கர் இல்லாமலே அறை முழுக்கக் கேட்டது. "அண்ணே, இருக்காக! உண்ணி முள்ளுப்புதருக்குள்ள கிடந்தாக. காலு முறிஞ்சிருக்கு. பேசுறாகண்ணே!"

நான் மேசையில் தலையை வைத்து அழுதேன். அறையே ஆர்ப்பரித்தது. தலைவர் மகிமாவிடம் வந்து, "மன்னிச்சிரும்மா, பதட்டத்துல பேசிட்டேன். மெஷின்னா அப்பப்ப மக்கர் பண்ணத்தான் செய்யும்" என்றார்.

அதற்கு மேலும் சும்மா இருந்தால் நான் மனுஷனில்லை. எழுந்து நின்றேன்.

"மெஷினு மக்கர் பண்ணலை. இந்தப் பிள்ளை சொல்லிக் குடுத்ததை நான் செய்யலை. கோடு இழுக்கப் பயந்துக்கிட்டு முப்பத்தெட்டு ஜன்னலைத் திறந்து போட்டவன் நான். நீங்க இந்தப் பிள்ளையைத் திட்டும்போது வாயை மூடிக்கிட்டு இருந்தவனும் நான்தான். திட்டுறவுக இப்ப என்னையத் திட்டுங்க."

யாரும் திட்டவில்லை. கோடு விஷயத்தைச் சொன்னதும் பாதிப் பேர் தலையை ஆட்டினார்கள். அவர்களும் இழுத்திருக்க மாட்டார்கள்.

மகிமா சொன்னாள்: "இல்லண்ணே, தப்பு என்னோடது. ஒரு மனுசன் பட்டனை அமுக்கலைன்னா நின்னு போற மாதிரி நான் எழுதியிருக்கக் கூடாது. கேட்டதும் வச்சிரணும். ஜன்னல் திறந்து கிடந்தாலும் லைன் பிடிச்சிட்டு நிக்கக் கூடாது. ஆளுக எப்படி எழுதுறாகன்னு முதல்லயே உங்க நோட்டைக் கேட்டுப் பாத்திருக்கணும். நான் கேக்கலை."

பிறகு என் நோட்டை வாங்கி ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினாள். மறுநாள் காலை ஜீப் கிளம்புவதற்குள் எல்லாவற்றையும் திருத்தி எழுதிவிட்டாள். இப்போது பேர் மேல் கோடு விழுவதில்லை. முன்னால் பச்சையாக ஒரு புள்ளி வருகிறது. சொந்தத் தப்பை நாற்பது பேர் முன்னால் ஒத்துக்கொண்டு, இன்னொருத்தன் தப்பையும் சேர்த்துத் தன் தலையில் போட்டுக்கொள்கிற ஆளை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. ஐம்பத்திரண்டு வயதில் பார்த்தேன்.

புதன்கிழமை விஜி மகிமாவைப் பார்க்க வேண்டும் என்றாள். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். காலில் மாவுக்கட்டு, முகமெல்லாம் முள் கீறல். சோற்று வாளியைத் தோட்டத்தில் மறந்து வைத்துவிட்டு எடுக்க ஓடியதில் வழக்கமான ஜீப் போய்விட்டதாம். மேட்டில் கிளம்பிக்கொண்டிருந்த ஆதித்தன் ஜீப்பின் பின்பக்கம் தொற்றி ஏறியிருக்கிறாள். ஆதித்தனுக்கும் தெரியாது, கிருபாவதிக்கும் தெரியாது. ரூபன் மட்டும் பார்த்து எழுதியிருக்கிறான்.

மகிமா கட்டிலுக்கு அருகில் தயங்கி நின்றாள். விஜி அவள் கையைப் பிடித்து உட்காரவைத்தாள்.

"விழுந்த வேகத்துல நெஞ்சு அடைச்சுப் போச்சு, தாயி. கத்த வரலை. மேல கிருபாவதி எண்ணுறது கேக்குது. பதினோரு பேரு, எல்லாரும் ஏறியாச்சுங்குறாக. வண்டி கிளம்பிப் போற சத்தமும் கேக்குது. மழை பெய்யுது. சரி, நம்மளைத் தேட யாருக்கும் தெரியாது, இதோட முடிஞ்சதுன்னு கண்ணை மூடிட்டேன்."

சற்று நிறுத்தி மூச்சு வாங்கினாள்.

"அப்புறம் வண்டி திரும்பி வருது. யாராச்சும் இருக்கீகளான்னு கேக்கலை, தாயி. விஜி, விஜின்னு எம்பேரைச் சொல்லிக் கூப்பிடுறாக. அத்தனை ஆம்பளைகளும் எம்பேரைச் சொல்லிக் கத்துறாக. அப்பத்தான் தெம்பு வந்துச்சு. கைக்குக் கிடைச்ச கல்லை எடுத்து வாளியில அடிச்சேன்."

ஊரே திட்டியபோது கலங்காமல் நின்ற பெண், என் மனைவியின் கையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். விஜி அவள் தலையைத் தடவிக் கொடுத்தபடியே, "இவளை ஒரு நாள் வீட்டுக்குச் சாப்பிடக் கூட்டிட்டு வாங்க" என்று என்னிடம் சொன்னாள்.